வலது பக்கக் கட்டம்

பிப்ரவரி 3, திங்கள்

பஸ் டிப்போ ஓய்வறை. அடுத்த டிரிப்புக்கு இருபது நிமிடம் இருக்கிறது.

ஏழாம் நம்பர் வண்டியைத் தலையில் கட்டிவிட்டார்கள். கிளட்ச் கல்லு மாதிரி. மெக்கானிக் அண்ணனிடம் சொன்னால், "வண்டி நல்லாத்தான் இருக்கு தங்கச்சி, நீ ரெண்டு முட்டை சேர்த்துச் சாப்பிடு" என்கிறார். வண்டியை விடுங்கள், இவர் வாயை ரிப்பேர் பண்ண ஆள் இல்லை.

மகள் சுண்டுவின் பள்ளியிலிருந்து போன் வந்தது. வகுப்பு டீச்சர். என்ன பண்ணித் தொலைத்தாளோ என்று நினைத்தேன். அந்த அம்மா சிரித்துக்கொண்டே பேசுகிறார். "நடத்தைப் புத்தகத்துல நீங்க எழுதுற பதிலைப் படிச்சாலே மனசு லேசாயிடுதும்மா. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பதினாலாம் தேதி பெற்றோர் கூட்டத்துல அஞ்சு நிமிஷம் பேசுங்களேன்."

"சரிங்க டீச்சர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

என்ன பதில்? டிரிப் ஷீட்டையும் இந்த டைரியையும் தவிர நான் எங்கே எழுதுகிறேன்?

பிப்ரவரி 4, செவ்வாய்

சுண்டு பால் வாங்கப் போன நேரத்தில் பையைத் திறந்தேன். வளர்ந்த பெண்ணின் பையைத் திருட்டுத்தனமாகத் துழாவுவது கேவலம்தான். துழாவினேன்.

நீல அட்டைப் புத்தகம். முதல் நான்கு பக்கம் விதிகள், மொத்தம் முப்பத்தொன்று. எட்டு மணிக்கு மேல் வந்தால் தாமதக் குறிப்பு. எதிர்த்துப் பேசினால் மாலையில் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். பத்தொன்பதாவது: பெற்றோர் கையெழுத்தைப் போலியாக இட்டால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு கட்டம். இடது பக்கம் டீச்சர், வலது பக்கம் பெற்றோர். வலது பக்கம் முழுவதும், சுண்டுவின் கையால், நான் எழுதியிருக்கிறேன். ஜூன் மாதத்திலிருந்து!

"வகுப்பில் ஜன்னலையே பார்க்கிறாள்" என்று டீச்சர். "வீட்டிலும் அப்படித்தான். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொஞ்ச நேரம் பார்த்தேன். இனி கவனமாக இருப்பாள்" என்று நான்.

"எதிர்த்துப் பேசினாள்." - "வாய் என்னுடையது டீச்சர். மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டால் எனக்குச் சொல்லுங்கள்."

"தாமதம்." - "தலை பின்னிவிடும்போது பேச்சு சுவாரசியத்தில் நேரம் போய்விட்டது. தவறு என்னுடையது."

தலை பின்னிவிட்டேனா? அவள் கண் விழிக்கும்போது நான் மூன்று டிரிப் முடித்திருப்பேன். நான் அவளுக்குத் தலை பின்னி எத்தனை வருஷம் ஆகிறது?

கன்னத்தில் ஒன்று வைக்கத்தான் கை பரபரத்தது. ஆனால் முதல் பக்கத்திலிருந்து இன்னொரு முறை படித்தேன். இந்த அம்மா நல்லவள். எனக்கே இவளைப் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

கேட்கவில்லை. சோற்றில் உப்பு போட மறந்திருந்தேன். இருவரும் அப்படியே சாப்பிட்டோம்.

பிப்ரவரி 6, வியாழன்

அவளே கேட்டாள். நான் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாள்.

"படிச்சிட்டியாம்மா?"

"ம்."

"திட்டு."

"திட்டுவேன். இரு, கை ஈரம்."

கையைத் துடைத்தேன், உட்கார்ந்தேன், திட்டு வரவில்லை. ஏன்டி இப்படிப் பண்ணினாய் என்று மட்டும் கேட்டேன்.

"நீதானே சொன்னே. ஜூன்ல முதல் குறிப்பு வந்தப்போ கொண்டாந்து காட்டினேன். கண்ணைக் கூடத் திறக்கலை. 'என்னை விடுடி, நீயே ஏதாவது எழுதிக்கோ'ன்னே."

சொன்னேனா? சொல்லியிருப்பேன். முதல் ஷிப்ட் முடிந்து வந்து படுத்தால் வீடே இடிந்தாலும் எனக்குத் தெரியாது. எனக்குத்தான் நினைவில்லை, அவள் மறக்கவே இல்லை.

"அதுக்காக இத்தனை கதையா?"

"கதை இல்லம்மா. நீ எழுதினா எப்படி எழுதுவியோ, அப்படித்தான் எழுதினேன்."

ஐயோ, இந்தப் பெண்ணை நான் என்ன செய்வேன்.

பிப்ரவரி 8, சனி

டி.சி. என்று வந்துவிட்டால் வருஷ நடுவில் யார் சேர்ப்பார்கள்? வரும் வருஷம் பத்தாவது. போகும் இடமெல்லாம் ஏன் அனுப்பினார்கள் என்று கேட்பார்கள். அவள் அப்பா வேறு வீடு, வேறு குடும்பம் என்று ஆனபிறகு எனக்கென்று இருப்பது இவள் ஒருத்திதான்.

"நானே போய் டீச்சர்கிட்டச் சொல்லிடறேன்" என்றாள்.

"வாயை மூடிக்கிட்டு இரு. நான் பார்த்துக்கறேன்."

நான் பார்த்துக்கொண்ட லட்சணம்: திங்கட்கிழமைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். நேரில் போய், எல்லாம் நான் எழுதியதுதான், கூட்டத்தில் பேச மட்டும் வராது என்று சொல்லிவிடுவது. அங்கே கையெழுத்து கேட்டால்? சமையலறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரமாக என் மகள் போட்ட என் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகுகிறேன். அவளுடையது அழகாகச் சாய்ந்து போகிறது. என்னுடையது கோழி கிளறின மாதிரி இருக்கிறது. நாற்பது வயதில் என் கையெழுத்தை நானே காப்பி அடிக்கிறேன், அதுவும் சரியாக வரவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

டீச்சரைப் பார்க்கத்தான் போனேன், உட்கார வைத்தது துணைத் தலைமையாசிரியர் அறையில். மேசை ஓரத்தில் வகுப்பு டீச்சர். வெளியே நடையில் பெஞ்சு நுனியில் சுண்டு. கதவு முழுவதும் சாத்தவில்லை, அவள் செருப்புக் கால் தெரிந்தது. ஆடிக்கொண்டே இருந்தது.

கையெழுத்துப் போட வருகையாளர் பதிவேட்டைத் தள்ளினார்கள். பழகிய சாய்வெல்லாம் கைவிரலில் தயாராக இருந்தது. இந்தப் பொய்யை அந்தப் பிள்ளை இங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். கோழிக் கிளறலையே போட்டேன்.

டீச்சர் பார்த்தார். நீலப் புத்தகத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். துணைத் தலைமையாசிரியர் பத்தொன்பதாவது விதியை வாய்விட்டுப் படித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"விதியை எழுதினவங்க தப்பா எழுதலைங்க சார்" என்றேன். "ஆனா நீயே எழுதிக்கோன்னு சொன்னது நான். தூக்கக் கலக்கத்துல சொன்னேன், சொன்னது சொன்னதுதான். எட்டு மாசமா அந்தப் புத்தகம் எங்கேன்னு ஒரு நாள் கேட்கலை. அனுப்புறதா இருந்தா அந்தக் காகிதத்துல என் பேரையும் எழுதுங்க." கடைசியில் அழுதுவிட்டேன். சீ, அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

டீச்சர்தான் பேசினார். "நானும் எட்டு மாசமா எழுதினேனே தவிர ஒரு தடவை நேர்ல கூப்பிடலை சார். பதில் நல்லா இருந்துச்சு, அதோட விட்டுட்டேன்."

அரை மணி நேரம் நடையில் காக்க வைத்தார்கள். பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள். டி.சி. இல்லை. ஏழு பள்ளி நாள் இடைநீக்கம். கட்டுரைப் போட்டியிலிருந்து பெயர் நீக்கம். வருஷக் கடைசிவரை இன்னொரு தவறு நடந்தால் பேச்சே கிடையாது, டி.சி.தான். வலது பக்கம் இனி நான்தான் எழுத வேண்டும், வாரா வாரம். கூட்டத்தில் பேசவும் வேண்டாம்.

கட்டுரைப் போட்டிதான் அவளுக்கு உயிர். வீட்டுக் கதவைத் திறந்ததும், "பரவால்லம்மா" என்றாள். எனக்குத்தான் பரவாயில்லை என்று விட முடியவில்லை.

பிப்ரவரி 12, புதன்

தனியாக வீட்டில் விட மனமில்லை. நேற்றிலிருந்து என் வண்டியில்தான் வருகிறாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு முதல் சீட்டில் உட்காருகிறாள். தலைக்கு மேலே "ஓட்டுநருடன் பேசாதீர்" பலகை. மெக்கானிக் அண்ணன் அதைக் காட்டி, "இந்த விதியையாவது மீறாம இரு" என்றார். அவருக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

நூலக ஸ்டாப் தாண்டியதும், "அந்தத் தூண் பக்கத்துலதான் நிப்பேன்" என்றாள்.

டிப்போவுக்கு வந்துதான் கேட்க முடிந்தது. எதற்கு நிற்பாய்? பள்ளி அந்தப் பக்கம்தானே, என் வண்டி போவது இந்தப் பக்கம்.

"ஏழு நாற்பத்தெட்டுக்கு உன் வண்டி அங்க வரும்ல. காலையில உன்னைப் பார்க்கவே முடியறதில்ல. பார்த்துட்டுப் போவேன். நீ லேட்டா வந்தா நான் லேட்."

வீட்டுக்கு வந்ததும் இந்த டைரியைத் திருப்பினேன். நீலப் புத்தகத்தை வைத்து ஒவ்வொரு தேதியாகப் பார்த்தேன். நவம்பர் 19, அவளுக்குத் தாமதக் குறிப்பு, நான் எழுதியிருப்பது, "மழை, பதினெட்டு நிமிடம் லேட்." ஜனவரி 21, அவளுக்குத் தாமதம், எனக்குப் பாலத்தில் நெரிசல். ஒன்பது குறிப்பு. ஒன்பதும் என் வண்டி.

கண்ணாடி, சிக்னல், படிக்கட்டு. நாள் முழுவதும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். தூண் பக்கத்தில் நின்றவளை ஒரு நாள் பார்க்கவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

அலாரத்துக்கு முன்பே அவளே எழுந்து உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்குத் தலை பின்னிவிட்டேன். கோணல். அவிழ்க்காமல் வந்தாள்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று பள்ளிக்குப் போனாள். நானும் சட்டம் போட்டுவிட்டேன்: நான் வந்தாலும் வராவிட்டாலும் ஏழு ஐம்பதுக்கு மேல் தூண் பக்கத்தில் நிற்கக் கூடாது. "முப்பத்திரண்டாவது விதியா?" என்கிறாள். வாய் என்னுடையதுதான்.

மாலையில் புத்தகத்தைக் கொண்டு வந்து வைத்தாள். இடது பக்கம்: "வந்தாள். நேரத்துக்கு வந்தாள்." வலது பக்கக் கட்டத்தை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பழைய பதில்களைப் படித்தால் கை ஓடவில்லை. அந்த அம்மா மாதிரி எனக்கு எழுத வராது.

கடைசியில் எழுதினேன்: "பார்த்தேன். என் கையெழுத்து இப்படித்தான் இருக்கும்."

பிப்ரவரி 28, வெள்ளி

டிப்போவில் மெமோ. நேற்று காலை 7.48, நூலக ஸ்டாப், அமைதிப் பகுதி. காரணமின்றி இரண்டு முறை ஹாரன் அடித்ததாகப் பரிசோதகர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் முதல் மெமோ.

சுண்டு படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "நான் எழுதித் தரட்டுமா? உன் கையெழுத்து எனக்கு நல்லா வரும்."

"அடி வாங்குவே. நானே எழுதிக்கறேன்."

எழுதினேன்: "ஐயா, ஹாரன் அடித்தது உண்மை. காரணமின்றி அல்ல. ஸ்டாப்பில் என் மகள் நின்றிருந்தாள்."

அவள் வாங்கிப் படித்தாள். பிறகு, "கீழ மன்னிக்கவும்னு போடணும்மா" என்றாள்.

போடவில்லை. கையெழுத்து மட்டும் போட்டேன்.