டேவிட்டிடம் கேட்ட கிராமம்

12 ஆகஸ்ட் 1998, புதன்

எம்.ஏ. வகுப்பில் இன்று நைஜீரிய நாவலை நடத்தி முடித்தேன். கிழங்கு வயல், செம்மண் பாதை, அறுவடைத் திருவிழா எல்லாம் சொல்லிவிட்டு, கென்யாவிலிருந்து வந்து படிக்கும் டேவிட்டை எழுப்பினேன்.

"உன் கிராமத்தைப் பத்தி எல்லாருக்கும் சொல்லேன்."

"எனக்குக் கிராமமே கிடையாது, மேடம். நைரோபியில நாலாவது மாடியில வளர்ந்தேன். இந்த நாவல் நடக்கிற நாட்டுக்கு எங்க ஊர்லேர்ந்து பிளேன்லயே அஞ்சு மணி நேரம். பரீட்சைக்கு வேணும்னா படிச்சிட்டு வந்து சொல்றேன்."

வகுப்பு சிரித்தது. அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் உறுத்துகிறது.

சாயங்காலம் எங்கள் கட்கி பஜாரில் புதிதாகக் கடை போட்டிருக்கும் காய்கறிக்காரி, என் மராத்தியில் இருக்கும் தமிழ் வாடையைக் கேட்டுவிட்டு, "தும்ச்ச காவ் குட்ல?" என்றாள். உங்கள் கிராமம் எது? பிறந்த நாளிலிருந்து இந்தக் கேள்விதான். "இதே கட்கிதான்" என்று எப்போதும் வெடுக்கென்று சொல்வேன். இன்று சண்டைக்குத் தெம்பில்லை. நான் இரண்டே முறை போயிருக்கும் அப்பாவின் ஊரைச் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். கொத்தமல்லியைச் சும்மாவே பையில் போட்டாள்.

டேவிட்டும் ஏதாவது ஓர் ஊரைச் சொல்லியிருந்தால், நானும் இப்படித்தான் சந்தோஷப்பட்டிருப்பேன்.