எருக்கஞ்செடிப் புழுக்கள்

அக்டோபர் 12, ஞாயிறு

தெருக்கோடியில் காலியாகக் கிடக்கும் மனையில் எருக்கஞ்செடிகள் நிறைய. போன வாரம் அவற்றில் கறுப்பும் மஞ்சளுமாக வரியோடிய புழுக்களைப் பார்த்துப் படமெடுத்தேன். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு என்று புத்தகத்தில் தேடிக் கண்டுபிடித்தபோது அத்தனை சந்தோஷம். படத்தை லேஅவுட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். பெயரைப் போடவில்லை. யாராவது கேட்பார்கள், அப்புறம் சொல்லலாம் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை.

இன்று காலை கூட்டுப்புழுவைப் படமெடுக்கப் போனேன். முதுகில் டேங்க் மாட்டிய ஒருவர் மருந்தடித்து முடித்திருந்தார். மூக்கு எரிந்தது. கன்னடம் கலந்த தமிழ் பேசும் எதிர்வீட்டு சுமா அங்கே நின்றிருந்தாள்.

“தேங்க்ஸ் ஆன்ட்டி! உங்க போட்டோ பாத்துத்தான் ஆள் கூப்பிட்டோம். விஷப்புழு பேடாப்பா, வேண்டவே வேண்டாம், குழந்தைங்க விளையாடற ஜாகா.”

“அது வண்ணத்துப்பூச்சிம்மா. ஒண்ணும் பண்ணாது.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. “அய்யோ! குரூப்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஆன்ட்டி?”

செடிகளுக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

புழுக்கள் தரையில் சுருண்டு கிடந்தன. ஓர் இலையின் அடியில் மட்டும் பச்சையாக ஒரு கூடு தொங்கியது. இலையோடு கிள்ளி வந்து மேஜைமேல் டம்ளரில் வைத்தேன். சாயங்காலம் அது கறுத்துவிட்டது. உயிருள்ள கூடு தொட்டால் கெட்டியாக இருக்கும், பூச்சி வெளிவருவதற்கு முன்பு கறுக்கவும் செய்யும் என்று படித்திருக்கிறேன். அப்படித்தான் இருக்கும் என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போதுதான் விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன். மெத்தென்று அமுங்கியது.