பெற்ற பெண்ணுக்கு உயில் எதற்கு

அப்பா,

இன்று காலை தக்காளிக்குத் தண்ணீர் விடப் போனேன். மோட்டார் ரூமில் புதுப் பூட்டு தொங்கியது. தொட்டதும் கையில் எண்ணெய் பிசுபிசுத்தது. உங்கள் தம்பி வரப்பில்தான் நின்றிருந்தார். என்றைக்கும் இல்லாத மரியாதையோடு, "சாப்ட்டியாம்மா?" என்றார்.

அம்மா உங்களை மறுமணம் செய்துகொண்டு வந்தபோது நான் அவள் இடுப்பில் இருந்தேன். பெற்றவர் முகம் எனக்குத் தெரியாது. காய்ச்சல் வந்தால் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர் நீங்கள். என் கல்யாணம் முறிந்து திரும்பி வந்த அன்று, "இது உன் வூடு. எவன் கேக்கறான்னு பாத்துக்கலாம்" என்றீர்கள். இப்போது கேட்கிறார்கள்.

அம்மா போன பிறகு ஒருநாள் பாலக்கோடு பத்திர ஆபீசுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? நம் கதை தெரிந்த பத்திரம் எழுதுகிறவர், பெண்ணுக்கு ஓர் உயில் எழுதி வைத்துவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். பெஞ்சிலிருந்து சட்டென்று எழுந்துவிட்டீர்கள்.

"எம் பொண்ணுக்கு நான் எதுக்குய்யா உயில் எழுதணும்? அதெல்லாம் ஊரார் புள்ளைக்கு எழுதறது."

மாரண்டஹள்ளி பஸ்ஸில் ஏறிய பிறகும் புகைந்துகொண்டே வந்தீர்கள். பக்கத்தில் எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. இரண்டு மடையர்கள் ஒரே சீட்டில் வந்திருக்கிறோம்.

போன வாரம் தருமபுரியில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். உயில் இல்லாமல் போனவருக்குப் பிள்ளை என்றால், அவருக்குப் பிறந்தது, இல்லை முறைப்படி தத்தெடுத்தது. அப்படி யாரும் இல்லை, மனைவியும் பெற்றவர்களும் முந்திப் போய்விட்டார்கள் என்றால், சொத்து கூடப்பிறந்தவருக்கு. "சம்சாரம் கூட்டியாந்த புள்ளைக்குப் பாத்தியம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்.

உங்களுக்குக் கொள்ளி வைத்தபோது சித்தப்பா அழுத அழுகை பொய்யில்லை. ஆனால் கருமாதி முடிந்த மறுநாளே நிலத்தை வரப்பு வரப்பாக நடந்து பார்த்தார். இன்று காலை வரப்பில் அதே மரியாதையான குரலில், "இந்தக் காய் ஒடிச்சதும் வூட்டைக் காலி பண்ணிக்கம்மா" என்றார். பூட்டு தொங்கினால் காய் ஏது? வெயில் ஏறும்போதே செடிகள் துவளத் தொடங்கிவிட்டன.

உங்கள்மேல் கோபம்தான் அப்பா. ஒரே ஒரு நாள் என்னை ஊரார் பிள்ளை என்று நினைத்திருந்தால், எனக்கு இந்த வீடு இருந்திருக்கும். உங்களுக்கு அது முடியவில்லை.

நாளை தாலுகா ஆபீசில் வாரிசு விசாரணை. அப்பா பெயர் என்ன என்று கேட்பார்கள். பெற்றவர் பெயரைச் சொல்லத் தெரியும். நான் உங்கள் பெயரைத்தான் சொல்வேன். அவர்கள் அதை எழுதிக்கொள்ள மாட்டார்கள்.