கந்தப்போடியாரில் ஏழு கேஸ்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் குழுத் தலைவன் உதயரூபன் இன்றும் எல்லோர் முன்னாலும் என் படத்தை அழித்தான். பழுகாமத்து விவசாயிகள் சங்கத்துக்கு வயல் தண்ணீர் முறை வைக்கும் மென்பொருள் செய்கிறோம். யார் அதில் என்ன செய்வார் என்று பொம்மை போட்டுப் படம் கீறுவது என் வேலை. தண்ணீர் கேட்பவர் ஒரு பொம்மை, அனுமதிப்பவர் வேறு பொம்மை என்று கீறியிருந்தேன். தண்ணீர் பகிரும் வட்டைவிதானை கந்தப்போடியாருக்கும் அங்கே வயல் இருக்கிறதே! அவரே கேட்டு அவரே அனுமதித்தால் வேலியே பயிரை மேயாதா? பொம்மை என்பது ஆள் அல்ல, பொறுப்பு. இந்த வேலையில் அது அரிச்சுவடி.

"ஒரு கிழவனுக்கு ரெண்டு பொம்மையா? கொழும்பில சிரிப்பாங்க" என்றான்.

கொழும்பில் கொஞ்ச நாள் குப்பை கொட்டியதற்கு இவ்வளவு திமிர்.

மார்ச் 6

அவன் முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

மார்ச் 11

பழுகாமத்தில் கூட்டம். தான் சுருக்கிய படத்தைத் திரையில் போட்டு, "விதானைக்கு ஏழு யூஸ் கேஸ் இருக்கு" என்றான். மென்பொருளில் ஒருவர் செய்யும் வேலைகளுக்கு எங்கள் தொழிலில் அதுதான் பெயர். கந்தப்போடியார் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"என்னில ஏழு கேஸா? ஆருடா போட்ட?"

விளக்க எழும்பினேன். "நீ இரு" என்றான் உதயரூபன். வாய்க்காலின் கடைசி வயல்காரி சீதேவிப்பிள்ளை விட்டாரா! "ஆரும் போடல்ல. போட்டிருக்கோணும். போன போகம் எங்கட முறைத் தண்ணியும் உங்கட வயலுக்குத்தானே போச்சு?"

கூட்டம் கலைந்தது. வெளியே சீதேவிப்பிள்ளை என்னைப் பிடித்தார். "நீ என்ன சொல்ல எழும்பின, புள்ள?" மண்ணில் குச்சியால் இரண்டு பொம்மைகளையும் கீறிக் காட்டினேன்.

திரும்பும் வழியில் உதயரூபன், "எல்லாம் உன்ட படத்தால வந்த வினை" என்கிறான். என்ட படமா? அழிச்சது நீதானேடா! வாய்வரை வந்ததை விழுங்கினேன். ஏன் விழுங்கினேன்? வேலை நிரந்தரமாக அவன் கையெழுத்து வேண்டும் — அதுதான். வெட்கம்.

மார்ச் 14

திட்டத்திலிருந்து என்னைத் தூக்கிவிட்டான். எதிர் மேசையில் இருந்துகொண்டு மின்னஞ்சலில் ஒரு வரி! நாசமாய்ப் போவான். கழிப்பறைக்குள் போய் அழுதேன்.

மார்ச் 19

பக்கத்து மேசைத் தனுஷா சிரிப்பை அடக்க முடியாமல் வந்து சொன்னாள். சங்கம் தீர்மானம் போட்டுவிட்டதாம்: விதானை தன் வயலுக்குத் தண்ணீர் கேட்டால் இன்னொருவர்தான் அனுமதிக்க வேண்டும். சீதேவிப்பிள்ளை உதயரூபனுக்கே தொலைபேசி எடுத்தாராம். "மண்ணில படம் கீறின புள்ள வந்தாத்தான் மறுகா கூட்டம். இல்லாட்டி வேற ஆக்களப் பாக்கிறம்."

மார்ச் 20

காலையில் என் வீட்டு வாசலில் உதயரூபனின் கார். "வதனி, பழுகாமத்துக்குப் போகோணும். நான் அப்பிடி நினைச்சுச் செய்யல்ல" என்று இழுத்தான். இறங்கி வந்து முன் கதவைத் திறந்தும் விட்டான்.

நான் பின்னால் ஏறிக்கொண்டு, "போவம்" என்றேன்.