ஒலிபெருக்கியில் உங்கள் பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? செமோரில் மழை விட்டதா? நான் டப்ளினுக்கு நல்லபடி வந்து சேர்ந்துவிட்டேன். மலேசிய வெயிலுக்குப் பழகிய எனக்குக் குளிர்தான் கொஞ்சம் அதிகம்.

வழியில் ஒரு கூத்து நடந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். டிக்கெட் போடும்போது குடும்பப் பெயர் இல்லாமல் அந்த இணையப் பக்கம் நகரவே இல்லையே, நீங்கள்தானே "என் பேரப் போட்டுடு லா" என்றீர்கள்? மலிவு டிக்கெட் என்பதால் நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தது. அங்கே காத்திருந்தபோது ஒலிபெருக்கியில் "முனியாண்டி, முனியாண்டி" என்று கூப்பிட்டார்கள். நீங்கள்தான் வந்துவிட்டீர்களோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கதவைச் சாத்தப் போகும் நேரத்தில்தான் அது நான் என்று உறைத்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

கல்லூரியிலும் அதே பெயரில்தான் பதிந்திருக்கிறார்கள். இங்கே எல்லாருக்கும் நான் முனியாண்டி.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் நெத்திலி சம்பல் கொடுத்துவிடுங்கள். துணி துவைக்கும் இயந்திரம் துவைத்து முடித்துவிட்டது, எடுக்கப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் எடுத்ததும் "சாப்பிட்டியா"வைப் பிறகு கேளுங்கள் அப்பா. முதலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

உங்கள் மகள்,
துளசி