குழாய் அலறுகிறது என்று வந்த புகார்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறேன்.

நீங்கள் சவரம் செய்யும்போது பாடுவீர்களே, அந்தப் பழைய ராக் பாட்டு, அதைப் போன ஞாயிறு மதியம் குளியலறையில் நின்று நானே பாடிப் போனில் பதிவு செய்தேன். உச்சத்துக்குப் போகும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், எங்கள் கட்டடத்து பிளம்பர்.

"கீழ் வீட்டம்மா போன் பண்ணாங்க. உங்க பைப்பு அலறுதாமே?"

"பைப்பு இல்லைங்க, நான்தான்."

அவர் சிரிக்கவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு, "எங்க, பாடுங்க பாக்கலாம்," என்றார். முழுக்கக் கேட்டவர், "நடுவுல கிடார் வருமே, காணோமே?" என்றார். அதை எங்கப்பா வாயாலேயே வாசிப்பார் என்று சொல்ல வந்தேன். அதற்குள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டேன். பாடிப் பாடி வியர்த்துவிட்டது, வேறொன்றுமில்லை.

அதனால் அந்தக் கிடாரை நீங்களே வாயால் வாசித்துப் பதிவு செய்து அனுப்புங்கள், என் பாட்டின் நடுவில் சேர்த்துக்கொள்கிறேன். என்னை வேலைக்கு ஏற்றிப்போகும் மருத்துவமனை வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். நடுவில் அம்மா அடுக்களையிலிருந்து திட்டினால் அழித்துவிடாதீர்கள். அதுவும் பாட்டில் இருக்கட்டும்.

உங்கள் மகள்