வாசலிலிருந்து உன் அறை வரை

பாம் டெசர்ட், கலிபோர்னியா
நவம்பர் 14

என் அன்பு மகள் கொரினுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. டுலூத்தில் இதற்குள் பனி கொட்டத் தொடங்கியிருக்கும். நீ கழுத்துக்கு ஏதாவது சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன்.

மார்ச்சிலிருந்து நான் ஃபோன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். வீம்பு நம் குடும்பச் சொத்து, என் பங்கும் சேர்ந்து உனக்கே வந்துவிட்டது. உறைமேல் என் கோழிக்கிறுக்கலைப் பார்த்தும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்துவிட்டாய் என்றால், மீதியையும் படித்துவிடு. ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் கொஞ்சம் ஊர்ச் செய்தி சொல்லிக்கொள்கிறேன்.

வெயில் ஒருவழியாகத் தணிந்துவிட்டது. கோடைப் புல்லை ஒட்ட வெட்டிவிட்டுக் குளிர்காலப் புல் விதை தூவினேன். நாளுக்கு நாலு தடவை தண்ணீர் காட்டுகிறேன், பச்சையாக முளை விட்டிருக்கிறது. எதிர்வீட்டு ஸ்டான்லி குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவராகிவிட்டார். குப்பைத் தொட்டியை அரை மணி நேரம் முன்னால் வெளியே வைத்தேன் என்று எனக்குக் கடிதம் வந்தது. எழுதியவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரித்துவிட்டும் போனார்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் வாசலில் பெரிய வண்டிச் சத்தம். பார்த்தால், கிறிஸ்துமஸ் விளக்குக் கட்டுகிறவர்கள். செப்டம்பருக்குள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் அவர்கள் தாமாகவே வந்துவிடுவார்கள். அந்த மாதிரி ஃபோன்களை எல்லாம் பேசுவது உன் அம்மாதான், எனக்கு நினைவே இல்லை. டுலூத்தில் முப்பது வருஷம் பனியில் கூரை ஏறி நானே விளக்குக் கட்டியவன். இங்கே வந்த முதல் வருஷம் உன் அம்மா ஆள் வைத்தபோது, சொந்த வீட்டு விளக்கைக் கட்டக் கூலிக்கு ஆளா என்று குதித்தேன். "அந்தப் பனை நாற்பதடி, உன் முழங்கால் எழுபது வயசு. எது ஜெயிக்கும்னு எனக்குத் தெரியும், வெண்டெல்" என்று சொல்லி என் வாயை அடைத்தாள்.

திருப்பி அனுப்பிவிடலாம் என்று செருப்போடு வெளியே போனேன். அந்தக் குழுவுக்குத் தலைவி எல்வீரா, உனக்கு நினைவிருக்கும், தொப்பியைப் பின்பக்கமாகப் போட்டுக்கொண்டு ஆண்களை எல்லாம் அதட்டுவாளே, அவள்தான். "என்ன சார், பல்லு தேய்க்கறதுக்குள்ள வந்துட்டோமா? மேடம் எங்க, காபி வாசனையே காணோமே?" என்றாள். மேடம் இல்லை என்றேன். "ஊருக்குப் போயிருக்காங்களா?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன்.

ஆமாம் என்றேன், கொரின். எட்டு மாதம் ஆகியும் என் வாய்க்கு முதலில் வருவது பொய்தான். அவள் வண்டிக்குப் பாதி தூரம் நடந்த பிறகு கூப்பிட்டு, இல்லையம்மா, மார்ச்சில் இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அவள் தொப்பியைக் கழற்றினாள், சிலுவை போட்டுக்கொண்டாள், வண்டியை நிறுத்தச் சொல்லி ஆட்களை அதட்டினாள். பிறகு, "அப்படின்னா சார், மேடம் எழுதி வெச்சதை நீங்க பார்க்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

அவர்கள் வேலை செய்யும் முறை இது. ஒவ்வொரு வீட்டுக்கும் அளந்து வெட்டிய விளக்குச் சரங்களைப் பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுக் கிடங்கில் வைத்திருப்பார்கள். மூடியின் உள்பக்கம் போன வருஷத்துப் படம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து அப்படியே மறுபடி கட்டுவார்கள். ஜனவரியில் விளக்குகளைக் கழற்றும்போது, அடுத்த வருஷம் ஏதாவது மாற்ற வேண்டுமா என்று வீட்டுக்காரரைக் கேட்டு மூடியில் எழுதிக்கொள்வார்கள். எழுதுவது எப்போதும் எல்வீராதான்.

"மேடம் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிட்டாங்க. உன் கையெழுத்து பிரிக்க முடியாதுன்னாங்க. உங்களுக்கு எதுக்கு மேடம் அது, கட்டப் போறது நாங்கதானேன்னேன். படிக்க வேண்டிய ஆள் ஒருத்தர் இருக்கார்னு சொல்லிச் சிரிச்சாங்க சார்" என்றாள் எல்வீரா. பெட்டியை இறக்கி மூடியைத் திருப்பினாள். படத்துக்குக் கீழே உன் அம்மாவின் எழுத்து. கொஞ்சம் கோணல், ஆனால் அவள் எழுத்துதான்.

"பனைகளுக்கு வேண்டாம். எல்லாச் சரத்தையும் பக்கவாசலிலிருந்து கொரின் அறை வரை கட்டவும். அவள் எப்போதும் இருட்டிய பிறகுதான் வந்து சேருவாள்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஆட்கள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

போன வருஷம் செப்டம்பரிலேயே அவள் நோய் பற்றி எங்களுக்குத் தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்றது உன் அம்மா. "ஒரே ஒரு கிறிஸ்துமஸ், வெண்டெல். யாரும் என்னை நோயாளியா பார்க்காத ஒரு கிறிஸ்துமஸ். அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள். நீ வந்திருந்த அந்த நாலு நாளும் நாங்கள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். முடி கொட்டிய தலையில் சிவப்புத் துணி கட்டிக்கொண்டு, பண்டிகைக்காக என்றாள். நீ அழகாக இருக்கிறது என்று சொன்னாய். அடக்கத்தன்று நீ என்னைக் கேட்டாயே, "வீடு முழுக்க அத்தனை விளக்கு எதுக்கு, நான் எதையும் பார்த்துடக் கூடாதுன்னா?" என்று. அந்த நாலு நாளைப் பொறுத்தவரை அது சரிதான். அதில் பாதிப் பழி அவளுடையது. அவளிடம் கோபப்பட உனக்கு உரிமை உண்டு, நானும் பட்டிருக்கிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததில் அவளுக்குப் பங்கே இல்லை. ஜனவரி கடைசியில் விளக்கைக் கழற்றிய அன்று, அந்த மூடியில் எழுதிவிட்டு உள்ளே வந்து, "விளக்கு இறங்கிடுச்சு. இன்னிக்கே கொரினுக்குச் சொல்லிடு. என்னால அழாம பேச முடியாது" என்றாள். நான் ஃபோனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். உன் குரலைக் கேட்டேன். பனி எப்படி, கார் ஓடுகிறதா என்று கேட்டேன். வைத்துவிட்டேன். உள்ளே வந்து, சொல்லிவிட்டேன் என்றேன்.

ஆறு வாரம், கொரின். ஆறு வாரமும் உனக்குத் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நீ கூப்பிட்டபோதெல்லாம் அம்மா தூங்குகிறாள் என்று உன்னிடம் சொன்னேன். பனிப்புயல், விமானம் இல்லை, கிளம்பிக்கொண்டிருக்கிறாள் என்று அவளிடம் சொன்னேன். இரண்டு பக்கமும் பொய். உன்னிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் என்னிடம் இல்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமை உனக்குச் சொன்னேன். திங்கட்கிழமை அவள் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை நீ வந்தாய்.

நீ என்னை விட்டு விலகிப் போனது, நான் செய்ததில் பாதியைத் தெரிந்துகொண்டு. மீதிப் பாதி இதுதான். இதைச் சொல்லாமலே உன்னைக் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டுவிடலாம் என்றுதான் விளக்குக்காரர்கள் வந்த செவ்வாய்க்கிழமை வரை நினைத்திருந்தேன். அந்த எழுத்தைப் பார்த்த பிறகு முடியவில்லை.

ஒன்று மட்டும் நீ நம்ப வேண்டும். நீ வரவில்லையே என்று அவள் ஒருநாளும் உன்மேல் வருத்தப்படவில்லை. என் பொய்யை நான் சொல்லும்போதெல்லாம், "அவ வருவா. பிறந்ததே பத்து நாள் லேட்டு" என்றுதான் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமைகூட அதைத்தான் சொன்னாள்.

விளக்கைக் கட்டச் சொல்லிவிட்டேன். எல்வீராவும் ஆட்களும் பக்கவாசல் கம்பிக்கதவு, எலுமிச்சை மரம், நீச்சல்குளத்துச் சுவர், உன் அறைக் கதவு வரை கட்டினார்கள். மூன்று பனைக்குப் போதுமான சரம் ஒரு நடைபாதைக்கு எவ்வளவு என்று நீயே யோசித்துப் பார். முதல் நாள் மாலையே எல்லாம் அணைந்துவிட்டது. நான் புல்லுக்குத் திறந்துவிட்ட தண்ணீர் விளக்குச் சர இணைப்புகளுக்குள் புகுந்துவிட்டது. எல்வீரா வந்து, "புல்லு வேணுமா, வெளிச்சம் வேணுமா, முடிவு பண்ணுங்க சார்" என்று திட்டினாள். நடைபாதை ஓரத்துக் குழாய்களை மூடிவிட்டேன். அங்கே விதை காய்ந்து மண்ணாகக் கிடக்கிறது. இருக்கட்டும்.

தெருவில் நம் வீடு மட்டும் இருட்டாக இருக்கிறதே என்று ஸ்டான்லி கேட்டார். விளக்கு உள்ளே இருக்கிறது என்றேன். இரவு பத்து மணிக்கு மேல் விளக்கு எரியக் கூடாது என்று சங்கத்து விதி. விதிப் புத்தகத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். தெருவுக்குத் தெரியும் விளக்குக்குத்தான் அது. அதனால் விளக்கைத் தானாக அணைக்கும் நேரக்கருவியைப் பிடுங்கிவிட்டேன், விடியும்வரை எரிகிறது.

மூடியை எனக்கே கொடுத்துவிட்டாள் எல்வீரா. உன் அறைக் கட்டில்மேல் வைத்திருக்கிறேன். அதைக் காட்டி உன்னை இழுக்கப் பார்க்கவில்லை. நீ வராவிட்டால் ஜனவரியில் தபாலில் அனுப்பிவிடுவேன், அது உன்னுடையது. ஜனவரி ஒன்பதாம் தேதி விளக்கைக் கழற்ற வருகிறார்கள். அன்று எல்வீரா, அடுத்த வருஷம் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்பாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வந்தால் நீ என்னிடம் பேச வேண்டும் என்றில்லை. பக்கவாசலைப் பூட்டுவதில்லை. அங்கிருந்து உன் அறைக்குப் போக என் கதவைத் தாண்ட வேண்டியதில்லை. உன் அம்மா அதையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள்.

கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், மகளே. விமானம் தாமதமானால் பதறாதே. எவ்வளவு இருட்டிய பிறகும் வரலாம்.

உன் அப்பா,
வெண்டெல்